இரண்டு மீட்டருக்கு மாறிய பழைய டூப்ளெக்ஸர்

155 மெகாஹெர்ட்ஸ் வர்த்தகப் பயன்பாட்டிற்காகச் செய்யப்பட்ட, ஆறு கேவிட்டிகள் கொண்ட பழைய டூப்ளெக்ஸர் ஒன்றை, 145 மெகாஹெர்ட்ஸ் (இரண்டு மீட்டர் பட்டை) அமெச்சூர் ரிப்பீட்டரில் பொருத்தும் நோக்கத்துடன் வாங்கினேன். ரிப்பீட்டர் என்பது வரும் சிக்னலைப் பெற்று மறுபடி அனுப்பும் வானொலி நிலையம்; அது ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் உதவும் வடிகட்டியே டூப்ளெக்ஸர்; அதிலுள்ள ஒத்ததிர்வு உலோகக் கலன்களே கேவிட்டிகள். உட்புற வெள்ளிப் பூச்சு கறுத்திருந்தாலும் உரியவில்லை. கேவிட்டியின் அலைவரிசையைச் சரிசெய்யும் இன்வார் (வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் உலோகக்கலவை) தண்டுகளும் வளையாமல் இருந்தன.

தண்டைத் திருகினாலே போதும் என்று விற்றவர் சொன்னது சரியல்ல. கேவிட்டியின் மையக் கடத்தி ஏறத்தாழ கால் அலைநீளம் இருக்கவேண்டும்; அது 155 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 48.4 செ.மீ., 145இல் 51.7 செ.மீ. ஆகையால், அந்தக் கடத்தி மூன்று செ.மீ.க்குச் சற்று அதிகமாக நீளவேண்டும். தண்டு அவ்வளவு தூரம் இறங்காததால் அதன் நுனியில் பித்தளைக் குழாய்த் துண்டொன்றைப் பற்றவைத்தேன்.

உண்மையான தொல்லை கேவிட்டிகளை இணைக்கும் கேபிள்களில்தான் இருந்தது. பழைய அலைவரிசைக்கு வெட்டப்பட்ட அவற்றை அப்படியே விட்டபோது, ஒவ்வொரு கேவிட்டியும் தனியாகச் சரியாக இயங்கியும், சேர்த்தபின் தடுப்பு (வேண்டாத அலைவரிசையை அடக்கும் அளவு) எதிர்பார்த்த அளவு கூடவில்லை. திசைவேகக் காரணி (ஒளிவேகத்தோடு ஒப்பிட்டால் கேபிளில் சிக்னல் செல்லும் வேகம்) 0.66 உள்ள ஆர்ஜி-214 கேபிளில் கால் அலை சுமார் 34 செ.மீ.; கனெக்டரின் உள்நீளமும் அதில் அடங்கும் என்பதை முதல் கேபிளை வீணாக்கிய பிறகே உணர்ந்தேன்.

இப்போது அனுப்பும், பெறும் அலைவரிசைகளுக்கு இடையே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியே இருந்தும் ஏற்பியின் உணர்திறன் குறையவில்லை. நானோவிஎன்ஏ என்ற சிறிய அளவீட்டுக் கருவியால் சுமார் 70 டெசிபலுக்கு மேற்பட்ட தடுப்பை நம்பகமாக அளக்க இயலாது என்பதால், இறுதிச் சரிசெய்தலுக்குச் சிக்னல் ஜெனரேட்டரையும் ஏற்பியையுமே பயன்படுத்தினேன். ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கான சிறிய மொபைல் வகை டூப்ளெக்ஸரை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது.