மூன்று வருட மெஷினும் மூடிக்குள் ஒரு ஸ்டிக்கரும்

அம்பத்தூர் பக்கம் புதிதாக சப் கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் நண்பன் நேற்று போன் செய்து, "உன் எலக்ட்ரோ ஃப்யூஷன் மெஷின் எப்படி மச்சான், வாங்கலாமா?" என்றான். பிளாஸ்டிக் குழாய்களை மின்சாரச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் மெஷின் அது. கேட்ட நேரம் சரியில்லை. ஸ்கேனர் கேபிள் மாற்றி சர்வீஸிலிருந்து போன வாரம்தான் வந்தது, மூன்று வருடத்தில் இது இரண்டாவது தடவை.

வெல்டிங்கில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெளிச்சூட்டைப் பார்த்து, உருக்கும் நேரத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. மே மாதம் கப்ளர் (இரண்டு குழாய் முனைகளை இணைக்கும் உறை) பெட்டியை ரோட்டு வெயிலில் போட்டுவிட்டு மெஷினை மட்டும் மரத்தடியில் வைத்தால் கணக்கு தப்பும்தான், ஆனால் அது நம் புத்தி.

என் ஆத்திரமெல்லாம் ஸ்கேனர் மேல். கப்ளரில் இரண்டு பார்கோடு இருக்கும். 24 இலக்கம் உள்ளது வோல்டேஜும் நேரமும் சொல்ல, 26 இலக்கம் உள்ளது எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் என்று சொல்ல. மேடவாக்கம் பக்கத்துக் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், கையெல்லாம் சேறு, ஸ்டிக்கரில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், நாலு தடவை தேய்த்தாலும் பீப் வராது. கையாலும் போடலாம், ஒவ்வொரு இலக்கத்துக்கும் மேல் அம்பு, கீழ் அம்பு என்று அழுத்தி அழுத்தி. நடுவில் ஒன்று தப்பினால் கடைசி சரிபார்ப்பு இலக்கம் ஒத்துக்கொள்ளாது, மறுபடி முதலிலிருந்து. பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

போன வருடம் மெஷினில் பதிவான ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே நாளில் 19 ஜாயின்ட், எல்லாமே ஒரே பேட்ச். அன்றைக்கு நான் அனுப்பியதோ இரண்டு பேட்ச் பெட்டி. மெஷின் மூடியைத் திறந்தால், உள்பக்கம் ஒரு 63 எம்எம் கப்ளரின் ஸ்டிக்கர், கசங்காமல், பளிச்சென்று ஒட்டியிருக்கிறது! பசங்க அதையே ஸ்கேன் செய்து எல்லாவற்றையும் அடித்திருக்கிறார்கள். அளவும் ஒன்று, கம்பெனியும் ஒன்று என்பதால் ஜாயின்ட் பிடித்துக்கொண்டது, பிரஷர் டெஸ்டும் பாஸ். ஆனால் நாளைக்கு ஒரு பேட்ச் மோசம் என்று கம்பெனி சொன்னால் எந்தக் குழியைத் தோண்டுவது? இரும்புக் குழாய் மாதிரி இந்த பிளாஸ்டிக் குழாயை லொகேட்டர் (மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி) வைத்தும் தேட முடியாது, கூடவே டிரேசர் வயர் என்கிற உலோகக் கம்பி போட்டிருந்தால்தான் உண்டு.

கத்தினேன். "அது ஒழுங்கா படிச்சா நான் ஏண்ணே ஒட்டப்போறேன்" என்றான் வெல்டர். பதில் சொல்ல வாய் வரவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நவம்பர் மழையில் ஒரு இடத்தில் கசிவு, எங்கள் ஜாயின்ட்தான் என்று பில்லை நிறுத்திவிட்டார்கள். பைப்பில் மார்க்கரால் எழுதிய 41 என்ற ஜாயின்ட் எண் இன்னும் தெரிந்தது. மெஷினில் 41ஐ எடுத்தால் தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் இருந்தது, ஒரு நொடி குறையாமல் முழு நேரம் ஓடியிருந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் ஒழுகியது வேறு யாரோ பின்னால் போட்ட சேடில், அதாவது கிளைக் குழாய் எடுக்க மேலே பொருத்தும் துண்டு. அந்த ஒரு பிரிண்டுக்கே மெஷின் காசு வந்துவிட்டது.

வாங்கலாமா என்றால், வேண்டாம் மச்சான். வேறு பார். என்னுடையதை விற்கிறாயா என்று மட்டும் கேட்காதே, தர மாட்டேன்.