நெட்டியா, பால்சாவா?

கோயில், விமானம் என்று சிறு மாதிரி செய்ய வருபவர்கள் நெட்டி, பால்சா இரண்டையும் ‘தக்கை’ என்றுதான் கேட்கிறார்கள். புட்டியை மூடும் தக்கை ஓக் மரத்தின் பட்டை; அதற்கும் இந்த இரண்டுக்கும் உறவில்லை.

நெட்டி மரமே அல்ல. குளத்திலும் சதுப்பிலும் வளரும் செடி. தண்டை நன்றாகக் காயவைத்து, பழுப்புத் தோலைச் சீவினால் பால்வெள்ளை உள்பகுதி கிடைக்கும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பெரிய கோயில் மாதிரிக்கு இதுவே சரி: தந்தம் போன்ற நிறம், சாயம் வேண்டாம், நுண்ணிய கோபுர வேலைக்கு இணங்கும். கத்தி மழுங்கியிருந்தால் வெட்டாது, நசுங்கும். நசுங்கிய இடம் மீளாது. பசையைத் தொட்டு வையுங்கள். கூடினால் ஊறி, கறை தெரியும். தூசும் ஈரமும் ஆகாது. அதனால்தான் கண்ணாடிப் பெட்டி.

பால்சா உண்மையான மரம், பெரும்பாலும் எக்குவடாரிலிருந்து வருகிறது. கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோ. இவ்வளவு இலேசாக இருந்தும் தாவரவியலில் அது வன்மர (hardwood) வகை; அந்தப் பெயர் கடினத்தை அல்ல, பூக்கும் அகன்ற இலை மரம் என்பதைக் குறிக்கிறது! பலகையாக, ஒரே தடிமனில் கிடைப்பதால் விமான மாதிரியின் இறக்கைக்கு நெட்டியை நினைக்கவே வேண்டாம். ஆனால் இழைக்குக் குறுக்கே ஒரே அழுத்தாக வெட்டினால் விளிம்பு பிய்யும்; மெல்ல இரண்டு மூன்று முறை கீறுங்கள்.