முப்பரிமாண வரைபடத்தில் புறக்கோட்டை: கட்டடத்தைக் கண்ணாடியாக்குவதா, குட்டையாக்குவதா?

கொழும்புக் கோட்டையின் பழைய மணிக்கூட்டுக் கோபுரம் ஒருகாலம் வெளிச்சவீடாகவும் இருந்தது. சுற்றிலும் எழும்பிய கட்டடங்கள் வெளிச்சத்தை மறைக்க, 1952இல் விளக்கை நிறுத்திவிட்டார்கள். போனில் முப்பரிமாண வரைபடத்தைச் சரித்துப் பார்க்கும்போதும் அதே தொல்லைதான்.

கணக்கு எளிது. தரைக்கு 45 பாகை சாய்வில் பார்த்தால், ஒரு கட்டடம் தன் உயரமளவு நிலத்தைப் பின்னால் மறைக்கும். 12 மீற்றர் உயரக் கடை 12 மீற்றரை மறைக்கும். 30 பாகைக்கு இறங்கினால் 20 மீற்றருக்கு மேல். கொழும்பின் நெரிசலான கடைவீதிப் பகுதியான புறக்கோட்டையில் குறுக்குத் தெருக்கள் அவ்வளவு அகலமா என்ன? தெருவே காணாமல் போய்விடும்.

கட்டடங்களைக் கண்ணாடிபோல் ஆக்குவது பலரும் கையாளும் வழி. உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரம்போல் உயர்ந்தவை தள்ளித்தள்ளி நிற்கும் கோட்டைப் பக்கம் இது போதும். புறக்கோட்டையில் எடுபடாது. பாதி ஒளியை விடும் மூன்று கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், பின்னாலிருப்பது எட்டில் ஒரு பங்குதான் தெரியும். எது முன்னே, எது பின்னே என்பதும் குழம்பும்.

தெருவை அகட்டிக் காட்டலாம். பாதை பளிச்சென்று தெரியும், சரி. ஆனால் இரண்டாம் குறுக்குத் தெருவை அகட்டினால் முதலாம், மூன்றாம் தெருக்கள் நெரிபடும், தூரமும் பொய்யாகும். மூட்டை சுமக்கும் நாட்டாமிகளின் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பவருக்கு அகலமான தெரு என்று காட்டுவது கேலிபோலவும் இருக்கும்.

என் தெரிவு, பாதையை மறைக்கிற கட்டடங்களை மட்டும் குட்டையாக்கி, அடையாளமான கட்டடத்தை அதன் உயரத்திலேயே விடுவது. 1909இல் கட்டி முடித்த சம்மாங்கோட்டார் பள்ளிவாசல் அப்போது தன் சிவப்பு வெள்ளைக் கோடுகளோடு எழுந்து நிற்கும். இதிலும் பொய் உண்டு: நாலு மாடிக் கடையைத் தேடுகிறவருக்கு வரைபடத்தில் ஒரு மாடிதான் தெரியும். அதனால் படத்தைச் சரிக்கச் சரிக்கத்தான் உயரம் குறைய வேண்டும். நேர்மேலிருந்து பார்க்கும்போது எதுவும் எதையும் மறைக்காது. அங்கே குறைக்க வேண்டிய தேவையே இல்லை.

தாமரைக் கோபுரத்தின் சிக்கல் வேறு. 350 மீற்றருக்கு மேல் உயரமான அதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் படத்தைக் கிட்ட இழுத்தால் உச்சியிலுள்ள தாமரை மொட்டு திரைக்கு மேலே போய்விடும், தண்டுதான் மிஞ்சும். திரையோரத்தில் ஒரு சின்னத் தாமரையைப் போட்டுத் திசையைக் காட்டினால் சரி.