லோதியன் என்ற பெயரும் அந்தப் பெயரில் ஓடும் பேருந்துகளும்

எடின்பரோ நகருக்குப் புதிதாக வருபவர் முதல் நாளிலேயே திரும்பத் திரும்பப் படிக்கும் பெயர் லோதியன். நகரின் எந்தப் பெரிய தெருவில் நின்றாலும், மஞ்சிட்டிச் சிவப்பும் வெள்ளையும் பூசிய மாடிப் பேருந்துகள் அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் ஸ்காட்லாந்தின் இன்றைய நிர்வாகப் படத்தை விரித்துத் தேடினால், கிழக்கு லோதியன், மேற்கு லோதியன், மிட்லோதியன் என்று மூன்று மன்றங்கள் தென்படுமே தவிர, அடைமொழி எதுவுமில்லாத லோதியன் தென்படாது. 1975இல் உருவாக்கப்பட்ட லோதியன் மண்டல மன்றம் 1996இல் கலைக்கப்பட்டுவிட்டது. கொங்கு நாடு எந்த அரசிதழிலும் எல்லை வகுக்கப்படாமலேயே மக்கள் வாயில் வாழ்வதைப் போல, லோதியனும் இன்று பேச்சிலும் சில பொதுச் சேவைகளின் பெயர்களிலுமே வாழ்கிறது. அவற்றுள் கண்ணுக்கு அதிகம் படுவது இந்தப் பேருந்துச் சேவைதான்.

பெயரின் வேரைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. லியுடோனஸ் என்னும் அரசன் ஆண்ட நிலம் என்பது இடைக்காலக் கதை. அவன் தன் மகள் தெனியூவை ட்ரேப்ரெய்ன் லா குன்றிலிருந்து தள்ளிவிடச் செய்தான் என்றும், உயிர் பிழைத்த அவள் பெற்ற பிள்ளையே பின்னாளில் கிளாஸ்கோவின் புனிதரான கெண்டிகர்ன் என்றும் அந்தக் கதை நீள்கிறது. இதைவிட, பழைய வேல்ஸ் மொழியில் இந்நிலத்துக்கு வழங்கிய லெய்தினியவுன் என்ற வடிவமே எனக்கு நம்பகமான தடயமாகப் படுகிறது. ஆங்கிலமும் கேலிக் மொழியும் வந்து சேர்வதற்கு முன் இங்கே வேல்ஸுக்கு உறவான ஒரு மொழி பேசப்பட்டது என்பதை அது காட்டுகிறது. இடைக்காலத்தில் லோதியன் என்றால் ஃபோர்த் கழிமுகத்திலிருந்து தெற்கே ட்வீட் ஆறு வரை பரந்த நிலம். பின்னர் அது சுருங்கி, எடின்பரோவையும் அதன் இருபுறத்தையும் மட்டும் குறிக்கலாயிற்று. கிழக்கு லோதியன் என்ற பெயர்கூட அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது 1921இல்தான்; அதுவரை அது ஹாடிங்டன்ஷயர்.

குழப்பம் மிகுந்த பெயர் மிட்லோதியன். ஒரு காலத்தில் எடின்பரோவே அந்த மாவட்டத்தின் தலைநகர். 1817இல் இடிக்கப்பட்ட பழைய டோல்பூத் சிறையை மிட்லோதியனின் இதயம் என்று மக்கள் அழைத்தார்கள். சிறை நின்ற இடத்தில், செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி, இன்று நடைபாதைக் கற்களால் இதய வடிவம் பதிக்கப்பட்டிருக்கிறது; உள்ளூர்க்காரர்கள் அதன்மேல் துப்பிவிட்டுப் போவதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம், அது பழைய வழக்கம். அதே பெயரைக் கொண்ட கால்பந்து அணி விளையாடுவதும் எடின்பரோவின் கோர்கி பகுதியில்தான். ஆனால் இன்றைய மிட்லோதியன் மன்றமோ நகருக்குத் தெற்கே டல்கீத்தில் அமர்ந்திருக்கிறது, எடின்பரோ அதில் சேராது. மஸல்பரோவின் கதையும் இதைப் போன்றதே: 1975 வரை மிட்லோதியனில் இருந்த அந்த ஊர் இப்போது கிழக்கு லோதியனுக்கு உரியது.

இத்தனை எல்லை மாற்றங்களையும் பொருட்படுத்தாமல் எடின்பரோவையும் மூன்று லோதியன்களையும் ஒரே வலையாக இணைப்பதே லோதியன் பேருந்துச் சேவையின் பெருஞ்சிறப்பு என்பேன். நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ 91 சதவீதம் எடின்பரோ நகர மன்றத்திடமும் எஞ்சியவை மூன்று லோதியன் மன்றங்களிடமும் உள்ளன. ஆகவே பெயர் வெறும் அலங்காரம் அல்ல, உடைமையையும் அதுவே சொல்கிறது. 2019இல் அறிமுகமான 100 இருக்கைகள் கொண்ட மூன்று அச்சு மாடிப் பேருந்துகள் நெரிசலை நன்றாகத் தாங்குகின்றன. தொடுகை அட்டையால் கட்டணம் செலுத்துவோருக்கு ஒரு நாளின் மொத்தச் செலவு ஒரு வரம்பைத் தாண்டாது. ரொக்கம் தருவோர் மட்டும் சரியான தொகையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதிச் சில்லறை தரப்படுவதில்லை.

குறை சொல்வதானால், பெயரில்தான் சொல்ல வேண்டும். கிழக்கே செல்லும் வண்டிகள் 2016 முதல் ஈஸ்ட் கோஸ்ட் என்றும், மேற்கே செல்பவை 2018 முதல் லோதியன் கன்ட்ரி என்றும் அழைக்கப்படுகின்றன. நகர வண்டிகளும் இவ்விரண்டும் ஒரே குழுமம் என்று தெரியாத பயணி, கிழக்குக்கான வண்டியை வேறொரு நிறுவனத்தின் வண்டி என்று விட்டுவிட இடமுண்டு. கிழக்கு லோதியன் என்ற அருமையான பெயர் கையிலிருக்க, எந்த நாட்டுக்கும் பொருந்தக்கூடிய கிழக்குக் கடற்கரை என்ற பெயரைத் தேர்ந்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பெயர் எப்படியிருந்தாலும், வடக்கு பெரிக் செல்லும் 124ஆம் எண் வண்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாடியின் முன்வரிசையில் இடப்பக்கம் அமர்வது நல்லது. லாங்நிட்ரியைக் கடந்ததும் சாலை கடலோரமாகத் திரும்பி, அபர்லேடி விரிகுடாவின் சேற்றுநிலம் சன்னலுக்குக் கீழேயே விரிகிறது, பயண முடிவில் கூம்பு வடிவ பெரிக் லா குன்று எதிரே எழுகிறது. ட்ரேப்ரெய்ன் லாவைப் பார்க்க விரும்புவோர் ஹாடிங்டன் வழியாக டன்பார் செல்லும் வண்டியில் ஏறி, வலப்பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டுக்குமே நகர எல்லைக்கான சீட்டு போதாது என்பதால், தொலைவு மண்டலங்களும் அடங்கிய நாள் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.