வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று வந்து 48,500 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்: சிறுதொழில் செய்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

"உங்க ப்ராஜெக்டை க்ளோஸ் பண்ணியாச்சு மேடம். ரீஃபண்ட் எங்க பாலிசியிலேயே கிடையாது."

நேற்று சாயங்காலம் வந்த பதில் இது. போனது 48,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் இதே ஆட்கள் இந்த வாரமும் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு சின்னக் கடையில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம் கடலைமிட்டாய் போடுகிறோம். மாமனார் காலத்துத் தொழில். நானும் என் வீட்டுக்காரரும், பாகு காய்ச்ச ஒரு அண்ணாச்சி, வெட்டவும் பாக்கெட் போடவும் தெருப் பெண்கள் சிலர், அவ்வளவுதான் எங்கள் கம்பெனி. 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆட்கள் போன் போட்டுக் கேட்பது அதிகமானது. வாட்ஸ்அப்பில் விலை சொல்லி, ஜிபேயில் பணம் வாங்கி, கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தோம். பெரிதாக இல்லை, ஆனால் நன்றாகவே போனது. ஆட்கள் கூடக் கூட யார் பணம் போட்டார், யாருக்கு அனுப்பினோம் என்று நோட்டில் எழுதி மாளவில்லை. ஒரு வெப்சைட் இருந்தால் நல்லது என்று நாங்களே பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள்.

"சிறுதொழில்களை ஆன்லைனுக்குக் கொண்டு போகிறோம்" என்று சொல்லும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி வகை. மதுரையில் ஆபீஸ். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் பெயர் எழுதவில்லை.

வந்தது இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு தம்பி. அப்போதுதான் பலகையில் மிட்டாயைப் பரப்பி, கட்டையை உருட்டி, மேலே தேங்காய்ப்பூ தூவி வைத்திருந்தோம். சூடு ஆறவில்லை. ஓரத்தில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, ரோஸும் பச்சையும் கலந்து தேங்காய்ப்பூ போட்டிருக்கீங்க பாருங்க, இதுதான் ஒரிஜினல். எங்க ஆச்சிக்கு எட்டயபுரம். லீவுக்கு வந்தா இதுதான் வாங்கித் தருவாக" என்றான். அப்புறம் பையில் இருந்து டேப்லெட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினான். அதில் எங்கள் கடை! மேலே தமிழில் கடைப்பெயர், கீழே மிட்டாய் டப்பா, விலை, "வாங்க" என்று ஒரு பட்டன். பக்கத்திலேயே மாமனார் படம். முந்தின வாரம் மிட்டாய் வாங்குகிற மாதிரி வந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். என் மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "அவுக பேரையும் போட்டிருக்காகளே" என்று சொன்னவர் அந்தத் தம்பிக்குக் காபி போட உள்ளே போய்விட்டார்.

அந்த நிமிஷத்தைத்தான் அவர்கள் விலைக்கு விற்கிறார்கள். ஒரு குடும்பம் செத்துப்போன பெரியவரை எப்படி நினைக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்தப் படத்தை வைத்துப் பணம் கேட்கிறார்கள். எனக்கு இதை மன்னிக்கவே முடியவில்லை.

நான் கேட்காமல் கொடுக்கவில்லை. வெப்சைட் யார் பெயரில் இருக்கும் என்று கேட்டேன். "உங்க பேர்லதான்க்கா, வேற யார் பேர்ல இருக்கப் போவுது?" பில் தருவீர்களா என்று கேட்டேன். "மெயில்ல வந்துரும்." ஒப்பந்தம் கேட்டேன், சீல் வைத்து இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். ஆர்டர் எங்கிருந்து வரும் என்று கேட்டதற்கு, "டெல்லி, மும்பைன்னு இந்தியா பூரா போவும்க்கா, ஏஐ வச்சு விளம்பரம் பண்ணுதோம், இருபது நாள்ல முடிச்சுத் தாரோம்" என்றான். அங்கேயே க்யூஆர் ஸ்கேன் செய்து 15,000 கொடுத்தோம்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆன்லைனில் பணம் வாங்கும் வசதிக்கும் சாஃப்ட்வேருக்கும் 20,000. விளம்பரத்துக்கு 8,500. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுக்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவின் புதுப்பிப்புக்கும் 5,000. மொத்தம் 48,500 ரூபாய். சீசனுக்குக் கடலை மூட்டை எடுக்க வைத்திருந்த பணம் இது.

கடைசி 5,000 ரூபாயைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். உத்யம் பதிவு இலவசம். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் அரசுப் பதிவு அது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே அரசுத் தளத்தில் போட்டுக்கொள்ளலாம், ஒரு பைசா கிடையாது. எஃப்எஸ்எஸ்ஏஐயில் எங்களை மாதிரிச் சின்ன ஆட்களுக்கு உள்ள அடிப்படைப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். எங்கள் பதிவு காலாவதியே ஆகவில்லை! "எக்ஸ்பைரி ஆகப்போவுது, ஃபைன் போடுவாங்க" என்று பயமுறுத்தி வாங்கினார்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

சொன்ன நாள் தாண்டி ஒரு வெப்சைட் வந்தது. டேப்லெட்டில் காட்டியது இல்லை. "எங்களைப் பற்றி" என்ற பக்கத்தில் வேறு யாருடைய பேக்கரியைப் பற்றியோ எழுதியிருந்தது. கேக் படம் இருந்தது. எங்களைக் கேட்காமலே புவிசார் குறியீட்டு முத்திரையைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் எங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

போன் செய்தேன். அந்தத் தம்பி எடுத்து, "இது டெமோக்கா, லைவ்ல மாறிரும்" என்றான். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. ஆபீஸ் நம்பருக்குப் போட்டால் ஒரு பெண் பேசினார். "டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம் மேடம்." அடுத்த முறை, "டீம் லீட் லீவ்ல இருக்காங்க." அதற்கடுத்து, "நீங்க போட்டோஸ் அனுப்பலை, அதான் லேட்." எல்லாப் போட்டோவும் அனுப்பிய மெயிலை அவருக்கே திருப்பி அனுப்பினேன். "சரி மேடம், செக் பண்றோம்." ஒவ்வொரு முறையும் வேறு குரல், ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து கதை சொல்ல வேண்டும். மதுரைக்கே நேரில் போனால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, "சேல்ஸ்ல இருந்த பையன் வேலையை விட்டுப் போயிட்டான், அவன் என்ன சொன்னான்னு எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். பணம் வாங்கும்போது மட்டும் அவன் கம்பெனி ஆள். அந்தக் க்யூஆர் கம்பெனிக் கணக்கே இல்லை, யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆர்டர் ஒன்றுகூட வரவில்லையே என்று கேட்டதற்கு ஒருவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "உங்க ப்ராடக்ட்டுக்கு ஆன்லைன்ல டிமாண்ட் இல்லை மேடம்." வெல்லப்பாகு ஒரு கம்பி முன்னப்பின்ன போனாலும் அந்தச் சட்டியையே ஒதுக்கி வைக்கிறவர் எங்கள் அண்ணாச்சி. நாலு தலைமுறை ஆட்கள் ரயிலை விட்டு இறங்கி வாங்கிக்கொண்டு போன பண்டம். அதைச் செய்கிறவர்களிடமே பணத்தையும் வாங்கிக்கொண்டு, உங்கள் சரக்கு மட்டம் என்று சொல்கிறார்கள்.

ஆர்டர் வரவில்லை என்பதும் பொய். கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் பழைய டப்பாவில் இருந்த எண்ணைப் பார்த்துப் போன் செய்தார். "வெப்சைட்ல 640 ரூபாய் கட்டி ரெண்டு வாரமாச்சு, மிட்டாய் எங்கம்மா?" என்று கேட்டார். பணம் எங்களுக்கு வரவே இல்லை. அந்த பட்டனை அழுத்தினால் பணம் வேறு கணக்குக்குப் போகிறது. அவருக்கு எங்கள் செலவில் மிட்டாய் அனுப்பிவிட்டோம், பெயர் கெட்டால் திரும்பி வராது. இன்னும் எத்தனை பேர் பணம் கட்டிவிட்டு எங்களைத் திருடர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ, அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வெப்சைட் பெயர், அதாவது டொமைன், அவர்கள் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். கூகுள் மேப்பில் எங்கள் கடையை அவர்கள் மெயில் வைத்து எடுத்துக்கொண்டு, போன் நம்பரையும் மாற்றிவிட்டார்கள். "வெரிஃபிகேஷன்" என்று சொல்லி ஓடிபி கேட்டது இதற்குத்தான். வெளியூரில் இருந்து காரில் வருகிறவர்கள் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். டொமைனைத் திருப்பிக் கேட்டால், "ரினியூவல் சார்ஜ் 12,000 கட்டுங்க, மாத்தித் தாரோம்" என்கிறார்கள். எங்கள் கடைப்பெயரை எங்களுக்கே விற்கிறார்கள்.

பில்லைக் கொண்டு போய் ஆடிட்டரிடம் காட்டினோம். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று போட்டிருந்தது. அவர் பில்லில் இருந்த 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்ததும், "தமிழ்நாட்டு எண் 33ல ஆரம்பிக்கும், இது 29, கர்நாடகா" என்றார். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் ரத்தான எண், வேறு ஏதோ தொழில். அவர் இன்னொன்றும் சொன்னார். 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன ஆட்களும் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கலாம், ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். எங்கள் வியாபாரம் வருஷத்துக்கு 40 லட்சத்துக்குக் கீழே, ஜிஎஸ்டி எடுக்கவில்லை. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க வேண்டும் என்றால் பதிவு கட்டாயம். டெல்லி, மும்பை என்று பேசினவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. "தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று அவர்கள் வக்கீல் சொல்வார் என்று இப்போதே மிரட்டுகிறார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழிலுக்கு வாங்கிய பொருளை வணிகத்துக்கு வாங்கியதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் சொல்லித்தான் வாதாடப் போகிறோம். பார்த்துக்கொள்கிறோம்.

சிறுதொழிலுக்கு ஆன்லைனில் என்னென்ன இலவசமாகக் கிடைக்கிறது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனசு அதில் நிற்கவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள், வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்தான் ஆகும். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கவும் வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் போடவும் காசு வேண்டாம். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். க்யூஆர் ஸ்கேன் செய்ததும் வருகிற பெயர் கம்பெனிப் பெயர்தானா என்று பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை அன்றைக்கே தளத்தில் தட்டிப் பாருங்கள். கடன், மானியம் என்று யார் பேசினாலும் நேரே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேளுங்கள். நடுவில் ஏஜென்ட் வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே 1930. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் யாரிடமாவது டேப்லெட்டில் கடைப்படத்தைக் காட்டி இப்படிப் பணம் வாங்கியிருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். மனுவோடு சேர்த்துப் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எங்களுடையது 48,500 ரூபாய். உங்களுடையது எவ்வளவு என்று எழுதுங்கள்.