குளவி இனத்தைக் கண்டறிய நுண்ணோக்கியா, டிஎன்ஏ பார்கோடா?

கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்தே காட்டுக் கம்பளிப்புழுக்களை வளர்த்தால், சிலவற்றிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் ஒட்டுண்ணிக் குளவிகள் (புழுவுக்குள் வளர்ந்து அதைத் தின்பவை) வெளிவரும். அவற்றில் பலவும் சில மில்லிமீட்டர் நீளம்தான்.

நுண்ணோக்கியில் இறக்கை நரம்பு, முட்டையிடும் ஊசியின் நீளம், வயிற்றின் முதல் தகடு எல்லாம் பார்க்கலாம். செலவு குறைவு. ஆனால் கண் பழக வருடங்களாகும். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இனங்கள் ஏமாற்றிவிடும்.

டிஎன்ஏ பார்கோடு என்பது இனத்தை அடையாளம் காட்டும் ஒரு சிறு டிஎன்ஏ துண்டு. அதற்குக் குளவியின் ஒரு கால் போதும். 658 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டைப் படித்தால், ஒன்றென நினைத்த இனம் பலவாகப் பிரிவதுண்டு. 2021-இல் கோஸ்டா ரிகாவின் 403 புதிய பிராகோனிட் (ஒட்டுண்ணிக் குளவிகளின் ஒரு குடும்பம்) குளவி இனங்களைப் பெரும்பாலும் பார்கோடும் படமும் வைத்தே விவரித்தார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஆய்வக வசதி இல்லாதவர் அந்தக் குளவியை எப்படி அடையாளம் காண்பார்? பிரிக்க பார்கோடு, விவரிக்க நுண்ணோக்கி என்பதே சரி.

அப்புறம், எந்தப் புழு, அது தின்ற செடி, இடம், தேதி எல்லாம் குளவி மாதிரியோடு வைக்கும் சீட்டில் இருக்க வேண்டும். இவற்றை டிஎன்ஏ சொல்லாது.