கிளைடர் கனோபி லாக் இன்ஸ்பெக்‌ஷன்: வாசர்குப்பே பக்கத்து வொர்க்‌ஷாப், என் ரிவ்யூ

எங்க கிளப்போட ரெண்டு சீட் கிளைடரை (இன்ஜின் இல்லாத விமானம்) வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஜெர்மனி வாசர்குப்பே மலை பக்கத்துல இருக்குற ஒரு சின்ன வொர்க்‌ஷாப்புல விட்டிருந்தோம், மத்ததெல்லாம் நல்லாவே பண்ணாங்க, ஆனா கனோபி லாக்கை அவங்க பாத்த விதத்தைப் பத்தி மட்டும் தனியா எழுதியே ஆகணும்.

கனோபின்னா பைலட் தலைக்கு மேல மூடுற அக்ரிலிக் கண்ணாடி. பறக்கும்போது அது தானா திறக்கவே கூடாது, அதே சமயம் பாராசூட்ல குதிக்கணும்னா இழுத்த உடனே கழண்டு போயிடணும். ஒண்ணை இறுக்கினா இன்னொண்ணு கெட்டுப்போகும், அதான் இதுல சிக்கலே. பல இடத்துல கனோபியை பூட்டுற வெள்ளை லிவரை மூடிப் பாத்துட்டு டிக் போட்டு அனுப்பிடுவாங்க. சின்ன விமானங்களோட பராமரிப்புக்கான ஐரோப்பாவோட பார்ட் எம்எல் விதியில லாக், கேட்ச் எல்லாம் பாக்கணும், கனோபியை கழட்டி விடுற சிஸ்டத்தை எல்லா சீட்ல இருந்தும் இயக்கிப் பாக்கணும்னு தெளிவா இருக்கு, இவங்க அதை அப்படியே செஞ்சாங்க.

இன்ஸ்பெக்டர் ஒரு பெரியவர், லாக்கோட பின் (பூட்டும்போது உள்ள போற கம்பி) மேல மார்க்கர் தடவி, மூடித் திறந்து, எதுவரைக்கும் மை அழிஞ்சிருக்குன்னு டார்ச் அடிச்சு காட்டினாரு. இடது பின் முழுசா உள்ள போயிருந்துச்சு, வலதுல பாதிக்கு கொஞ்சம் மேல அவ்ளோதான், ஆனா வெளிய இருந்து பாத்தா ரெண்டு லிவரும் ஒரே மாதிரி மூடித்தான் இருந்துச்சு!! வின்ச்ல (கேபிள்ல கிளைடரை இழுத்து மேல ஏத்துற மெஷின்) மூக்கைத் தூக்கிகிட்டு ஏறும்போது அது திறந்திருந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க, கனோபி போறதை விட அதைப் பிடிக்கப் போய் பைலட் கன்ட்ரோல் ஸ்டிக்கை கோட்டை விடுறதுதான் ஆளைக் கொல்லும். ஸ்பிரிங் மாத்தி, அட்ஜஸ்ட் பண்ணி, மறுபடியும் மார்க்கர் தடவி காட்டின பிறகுதான் அடுத்த வேலைக்கே போனாரு.

அப்புறம் அவசரத்துல கனோபியை கழட்டி விடுற சிவப்பு ஹேண்டில். முன் சீட்ல ஒரு தடவை, பின் சீட்ல ஒரு தடவை, பெல்ட் போட்டு உக்காந்து இழுத்தாரு, வெளிய ரெண்டு பேர் கண்ணாடி விரிசல் விடாம இருக்க ஃப்ரேமைத் தாங்கிப் பிடிச்சுகிட்டாங்க. பின் சீட்ல டைட்டா இருந்துச்சு, பழைய கிரீஸ்ல தூசி சேந்து கெட்டியாகிடுச்சு, சுத்தம் பண்ணதும் சரியாயிடுச்சு. பக்கத்துல நின்ன இன்னொரு கிளைடர்ல ரோகர் கொக்கியையும் காட்டினாரு, ஜெர்மனியோட ஆகன் நகரத்துல பேராசிரியரா இருந்த வொல்ஃப் ரோகர் பேர்ல வந்தது, கனோபி முன்பக்கம் காத்துல எழும்பி அந்தக் கொக்கியில சுழன்று பைலட் தலையில படாம பின்னாடி போயிடும், என்ன ஒரு யோசனை!

குறைன்னா வெயிட்டிங்தான், வசந்த காலத்துக்கு முன்னாடி எல்லா கிளப்பும் ஒரே நேரத்துல வந்து நிக்குது. பில்லும் மத்த இடத்தை விட கொஞ்சம் கூடதான், எனக்கு அதுல வருத்தமே இல்ல. குளிர்காலத்துலயே புக் பண்ணிடுங்க, லாக்புக்கோட மெயின்டெனன்ஸ் மேன்யுவலையும் எடுத்துட்டு போங்க, அது இல்லாம அவர் கனோபியில கையே வைக்க மாட்டாரு.